போகச் சொல்பவரும் போக விடாதவரும்

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் ஒருவர், ஓய்வு நேரத்தில் பண்பாட்டைக் காவல் காப்பவர், தன்பாலீர்ப்பாளர்களுக்காக ஒரு கட்டுரை அருளியிருக்கிறார். இதெல்லாம் மேற்கத்திய சரக்கு என்பது அவர் முதல் வாதம். 2018-லேயே சட்டம் விடுவித்துவிட்டதால் இனிக் குறைசொல்ல எதுவுமில்லை என்பது அடுத்தது. அப்படியும் மூச்சு முட்டினால் வெளிநாட்டுக்குப் போய்க்கொள்ளட்டுமே என்பது முத்தாய்ப்பு. தனித்தனியே படித்தால் வாதம் மாதிரிதான் இருக்கிறது. சேர்த்துப் படித்தால்தான் ஒன்று மற்றொன்றின் காலை வாருவது தெரிகிறது: குறையே இல்லாத நாட்டைவிட்டு ஒருவர் எதற்காக ஓட வேண்டும்?

மேற்கத்திய சரக்கு என்று முகம் சுளிப்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். அயல்நாட்டு பையர் சொன்ன நிறம் கிடைக்கும்வரை சாயப்பட்டறையை உலுக்கி எடுப்பவர், அவர்கள் அனுப்பும் தணிக்கையாளருக்காகக் கழிவறைக்கு வெள்ளையடிப்பவர், டாலர் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் தூங்கி எழுபவர். நாளைக்கே ஓர் ஐரோப்பியக் கடை வானவில் அச்சிட்ட டீ-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தால், ஜிஎஸ்எம் எவ்வளவு, டெலிவரி எப்போது என்று கேட்பாரா, பண்பாட்டுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்புவாரா? சரி, பண்பாட்டுக்கே வருவோம். ‘ஆண், பெண் இரண்டைத் தவிர நம்மவர் வேறொன்றும் அறிந்ததில்லை’ என்கிறார். தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே பேடிக்கு இலக்கணம் வகுத்துவிட்டார். சிலப்பதிகார மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடும் ஒன்று. பேடும் தன்பாலீர்ப்பும் ஒன்றல்ல என்று அவர் குறுக்கிடலாம். உண்மைதான், ஆனால் அவருடைய வாக்கியத்தைக் கவிழ்க்க இவ்வளவே போதும். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தண்டனைச் சட்டத்தில் 1860-இல் எழுதிவைத்தது வெள்ளைக்கார அரசு. அந்த இறக்குமதியை மட்டும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பூசையறையில் வைத்துக் கும்பிட்டவர்கள் சுதேசியம் பேசுவது நல்ல வேடிக்கை.

அடுத்து, சட்டம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது, விருப்பமுள்ள இரு வயதுவந்தோர் சேர்ந்திருப்பது குற்றமல்ல என்பதைத்தான். குற்றமல்ல என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றா? அதே நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமையல்ல, சட்டமியற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகழுவியதை நம்மவர் வசதியாக மறந்துவிட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் தீர்ப்பையாவது படித்திருக்கலாம். மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிவந்த இரு பெண்களின் வழக்கு அது. தனக்கே இதில் தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பெழுதினார் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ். ‘மாற்றிவிடுகிறோம்’ என்னும் போலிச் சிகிச்சைகளையும் தடை செய்தார். சட்டம் படித்த நீதிபதி தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். நம் கட்டுரையாளருக்கோ ஓவர்லாக் முதல் உடலியல்வரை எல்லாம் அத்துப்படி.

கடைசியாக, அந்தப் பெருந்தன்மையான ‘போய்க்கொள்ளட்டுமே’. ஏனுங்க, யாரைப் போகச் சொல்றீங்க? ஷிப்மென்ட் வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் வர்க்கம், நாட்டைவிட்டே போக அனுமதி வழங்குகிறது! இந்த வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற ஒன்று இருந்தது: இளம்பெண்கள் மூன்றாண்டு விடுதிக்குள் கிடந்து உழைத்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. கல்யாணமே கூலியாகக் காட்டப்பட்ட அந்தப் பெண்களுள் கல்யாணமே வேண்டாத ஒருத்தி எந்தக் கதவைத் தட்டியிருப்பாள்? ஆணும் பெண்ணுமாகக் காதலித்தாலும் இங்கே என்ன மரியாதை என்பதை, 2016 மார்ச் 13 அன்று இதே மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மீறி மணந்ததற்காகச் சங்கரை வெட்டிக் கொன்று, அவர் மனைவி கௌசல்யாவையும் வெட்டிக் காட்டினார்கள். அவர்கள் காத்தது எதை? சாதியை, சொத்தை, பெண்ணின் கருப்பை யாருக்கு என்னும் கணக்கை. தன்பாலீர்ப்பு இந்தக் கணக்கில் வரவே வராத பிழை. ‘பண்பாடு’ இவ்வளவு பதறுவதன் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

சரி, போகட்டும், எங்கே? பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு டெய்லருக்கு ஏஜென்ட் எளிதில் காட்டும் வழி வளைகுடா, இல்லையென்றால் மலேசியா. சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் தன்பாலுறவு குற்றம். மலேசியாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே 377 இன்னும் உயிரோடு இருக்கிறது. குற்றமில்லாத நாடுகளோ வங்கி இருப்பு, பட்டம், ஆங்கிலத் தேர்வு என்று வேலி போட்டிருக்கின்றன. ஏற்றுமதியாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது வேலியே அல்ல, வாசல். அடைக்கலம் கேட்கலாமே என்பார். 2023 நவம்பரில் பிரிட்டன் இந்தியாவைப் ‘பாதுகாப்பான’ நாடுகளின் பட்டியலில் சேர்க்கப் புறப்பட்டது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையமும் அப்படியே முன்மொழிந்தது. இந்தியாவில் குறையொன்றுமில்லை என்ற நம்மவரின் இரண்டாம் வாதத்தை அங்கே குடியேற்ற அதிகாரி ஒப்பிக்கும்போது, மூன்றாம் வாதம் விமான நிலையத்திலேயே செத்துப்போகிறது. இது அவருக்குத் தெரியாதா, தெரிந்தே எழுதினாரா? முதலாவதென்றால் அறியாமை, இரண்டாவதற்கு நான் பெயர் வைக்க வேண்டியதில்லை.

விசாவை விடுங்கள். வேலூர் மாவட்ட வழக்கொன்றில், 2025 மே மாதம், 25 வயதுப் பெண் ஒருவரைப் பெற்றோர் வீட்டிலிருந்து விடுவிக்க, அவருடைய தோழி ஆட்கொணர்வு மனுவோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பிவைத்தது காவல்துறை. வீட்டில் அடித்ததாகவும் ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்ததாகவும் அவரே சொன்னார். எல்லாத் தாயும், மகனின் பாலீர்ப்பை ஏற்று ஆதரித்த லீலா சேத் ஆகிவிட முடியாது என்று ஆதங்கப்பட்ட நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், காவல்துறையைக் கண்டித்து, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று எழுதி, அவரை விரும்பியபடி போகவிட்டார்கள். 2021 தீர்ப்பு வந்து நாலு வருஷம் கழித்தும் இதுதான் நிலைமை. சொந்த வீட்டு வாசற்படி தாண்டவே இருவர் அமர்வு தேவைப்படும் ஒருத்திக்கு எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்று, அடுத்த கட்டுரையில் ஏற்றுமதியாளர் விளக்கட்டும்.