எம்.டி. என்றால் எந்த எம்.டி.?

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் போனாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் போனாலும் சரி, டாக்டர் போர்டுகளுக்குக் குறைச்சலே இல்லை. பெயருக்குப் பின்னால் 'எம்.டி.' என்று பார்த்ததுமே, 'பெரிய டாக்டர்தான்' என்று உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறோம். எந்த மருத்துவத்தில் எம்.டி. என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, மூன்று வருஷம் ஆஸ்பத்திரியே கதியென்று கிடப்பவர் அலோபதி எம்.டி. நைட் டியூட்டி, எமர்ஜென்சி எல்லாம் அவருக்குப் பழகிப்போயிருக்கும். பி.எஸ்.எம்.எஸ். முடித்து, தனி நுழைவுத் தேர்வு எழுதி, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மூன்று வருஷம் படிப்பவர் சித்தா எம்.டி. குணபாடம், நோய்நாடல், குழந்தை மருத்துவம் என்று அதிலும் பிரிவுகள் உண்டு. இரண்டுமே சட்டப்படி செல்லுபடியாகும் பட்டங்கள். ஆனால், பெற்ற பயிற்சி வேறு வேறு.

அமெரிக்காவில் இதே மாதிரி எம்.டி., டி.ஓ. என்று இரண்டு வகை டாக்டர்கள். டி.ஓ. என்பது ஆஸ்டியோபதி. எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யும் முறையைச் சேர்த்துப் படித்தவர்கள். மருந்தும் எழுதுவார்கள், ஆபரேஷனும் செய்வார்கள். இவர்களுடைய ஸ்பெஷலிஸ்ட் பயிற்சிக்கு முன்பு தனி அங்கீகாரம் இருந்தது. 2015-ல் தொடங்கி 2020 ஜூனுக்குள் இரண்டையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது இருவருக்கும் ஒரே அளவுகோல்.

அதே 2020 நவம்பரில் இங்கே என்ன நடந்தது? ஆயுர்வேத எம்.எஸ். மாணவர்கள் 58 வகை ஆபரேஷன்களைச் செய்யப் பயிற்சி பெறலாம் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்புத் தெரிவித்து அலோபதி டாக்டர்கள் டிசம்பர் 11-ல் ஸ்டிரைக் செய்தார்கள். யார் பக்கம் நியாயம் என்ற சண்டையில், அந்த மேஜையில் படுக்கப்போகிற நம்மை யாரும் கேட்கவில்லை, பாருங்கள்!

என்னைக் கேட்டால், போர்டில் 'எம்.டி. (சித்தா)', 'எம்.டி. (பொது மருத்துவம்)' என்று எல்லோருமே ஒரே அளவு எழுத்தில், தமிழில் எழுதவேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கடுகு மாதிரி எழுதக் கூடாது. சித்த மருத்துவத்துக்கு இதனால் ஒரு குறைவும் வந்துவிடாது.

நாள்பட்ட மூட்டுவலிக்கு சித்தா டாக்டரிடம் போவதா, அலோபதியா என்பது உங்கள் விருப்பம். ராத்திரி நெஞ்சுவலி, குழந்தைக்கு வலிப்பு என்றால் மட்டும் போர்டு பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மற்ற நேரங்களில், "நீங்க எதிலே எம்.டி. பண்ணியிருக்கீங்க டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.