கூட ஒருத்தி

2020 மார்ச் 25-இல் நாட்டைப் பூட்டினார்கள். பூட்டின நாட்டிலும் பிள்ளைகள் பிறந்தன. பிறந்த கணக்கு அரசிடம் இருக்கிறது. பெத்தவள் மனசு என்ன ஆச்சு என்கிற கணக்கை யாரும் எழுதி வைத்ததாக நான் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்கிற ஏற்பாடு 2004-இல் வந்தது. அம்மாவோ அக்காவோ, கையைப் பிடிச்சிக்க ஒருத்தி. இதைச் சலுகை என்கிறவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறாதவர்கள். வலியில் கத்துகிறவளை ஏசுகிற வாய், பக்கத்தில் ஆள் இருந்தால் கொஞ்சம் அடங்கும். காலனிப் பெண்ணுக்கு அந்த ஆள் துணை மட்டுமல்ல, சாட்சி. தொற்றைக் காட்டிப் பல இடங்களில் வெளியே நிறுத்தப்பட்டது இந்தச் சாட்சிதான். தொற்று இருந்தாலும் துணை வேண்டும், பிள்ளையைப் பிரிக்காதே, பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. (‘சமூக இடைவெளி’ என்றார்கள். சேரிக்கு அது புதுசா என்ன!)

வீடு வந்தவளுக்கு? கூலி இல்லை, தாய்வீடு போக பஸ் இல்லை. தூக்கமில்லாமல், பிள்ளையைத் தூக்க மனசில்லாமல் உட்கார்ந்தால் ‘காத்துக் கருப்பு’ என்றார்கள், ‘திமிரு’ என்றார்கள். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை, பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு மனச்சோர்வு என்கிறது. இது கொரோனாவுக்கு முந்தின கணக்கு. ஐந்தில் ஒருத்திக்கு மேல் பேய் பிடிக்குமா தோழர்களே? 2002-இல் வெளியான கோவா ஆய்வு காரணத்தையும் சொன்னது: பசி, புருஷன் அடி, பொட்டப்பிள்ளை பெத்தாள் என்கிற ஏச்சு. மாத்திரை தேவைப்படுகிறவளுக்கு மாத்திரை வேண்டும்தான். பசிக்கு மாத்திரை கிடையாது.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள், 1987-இல் வந்தவை, தமிழிலும் இருக்கின்றன. கிராம சுகாதார செவிலியர் பத்து நிமிஷத்தில் கேட்டுவிடலாம். மாமியார் முன்னால் வைத்துக் கேட்டால் பதில் வராது, தனியாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி, தன்னையே மாய்த்துக்கொள்ளத் தோன்றியதா என்பது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடக்கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள்.

அடுத்த தொற்றில் துணையை வெளியே தள்ளும் சுற்றறிக்கை வருமுன் நம் கையில் வாக்குமூலம் இருக்க வேண்டும். 2020, 2021-இல் பிள்ளை பெற்றவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். மாணவர்கள் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். பெயர் போடமாட்டேன், பேச்சையும் திருத்தமாட்டேன்.