தோற்றொழிலும் பொக்கிஷக் கணக்கும்

ஒரு நாடு செல்வத்தில் வளர்கின்றது என்பதை எதனாற் கண்டறிவது? ஏற்றுமதி உயர்ந்தது, வரி வருவாய் பெருகிற்று, ஆலைகள் மிகுந்தன என்று ஆண்டுதோறும் சர்க்கார் வெளியிடும் கணக்கே சான்று என்பர். ஆனால் வரவை இன்றைக்கும், அவ்வரவிற்குரிய செலவை முப்பது ஆண்டு கழித்தும் எழுதும் கணக்கில், இடைப்பட்ட ஆண்டுகளெல்லாம் இலாபமாகவே தோன்றுமன்றோ? இப்பிழையின் தன்மையை அறிய நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை, பாலாற்றங்கரையே போதும்.

நம் பக்கத்துத் தோல் வணிகம் பழமையானது. முன்னாளில் ஆவாரம்பட்டையாற் பதனிட்ட தோலே பெரும்பாலும் கப்பலேறிற்று. 1970களில் இந்திய சர்க்கார் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முற்றுப்பெற்ற தோலையும் காலணியையும் அனுப்புமாறு தூண்டியது. அந்நியச் செலாவணியை நோக்கின் அது நல்ல ஏற்பாடே. ஆயினும் அதனோடு குரோமிய உப்புகளாற் பதனிடும் முறையும் பரவியது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் கழிவுநீர் ஆற்றிற்கும் கிணறுகளுக்கும் சென்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டது என்ற ஆய்வு முடிவை, 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றதும் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த அவ்வழக்கினாலேயாம்.

நெறி நிலைபெற்றது, பணம் எவ்வளவு வந்தது? இழப்பீட்டு ஆணையம் 2001-இல் 186 கிராமங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 29,000 பேருக்கு விதித்த மொத்தத் தொகை 26 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்டது. அது 1991 முதல் 1998 வரையிலான இழப்பிற்கு. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏழு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 9,000 ரூபாய். மாதத்திற்கு நூறு ரூபாய். நெல் விளைந்த நிலத்தை இழந்த உழவன் அதைக்கொண்டு யாது செய்வான்? அதுவும் எல்லார்க்கும் சென்று சேரவில்லை போலும். 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம், இன்னும் பெறாதவர்க்கு மாநில சர்க்கார் ஆறு வாரத்திற்குள் கொடுத்துவிட்டுப் பின்னர் ஆலைக்காரரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு கட்டளையிட நேர்ந்தது. வசூலாகுமட்டும் கொடுப்பது யார்? வரி செலுத்தும் குடிகளே. நிலம் இழந்தவனும் அவருள் ஒருவன்.

இராணிப்பேட்டையில் 1970களில் தோன்றிய குரோமேட் தொழிற்சாலையொன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. முதலாளிகள் போயினர், ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக்குவியல் போகவில்லை. 2006-இல் அமெரிக்க நிறுவனமொன்று உலகிலே மிகவும் மாசுற்ற பத்து இடங்களைத் தெரிந்தெடுத்தபோது, இராணிப்பேட்டையும் ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டிலுள்ள கப்வே நகரும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. கப்வேயின் ஈயச்சுரங்கம் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு நடந்து 1994-இல் மூடப்பட்டது. ஈயம் விற்ற பணம் என்றோ செலவழிந்தது. குழந்தைகளின் இரத்தத்திற் கலந்த நஞ்சை நீக்க வேண்டிய காலம் வந்தபோது, அந்நாடு 2016-இல் உலக வங்கியிடம் சுமார் ஆறரைக் கோடி டாலர் கடன் பெற்றது. நான்கு ஆண்டுகளில், 2020 நவம்பரில், தன் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களுக்கு வட்டி கட்ட இயலாது நின்றது. அந்நிலைக்குக் காரணங்கள் வேறு பல உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் பாட்டன் விற்ற சரக்கிற்குப் பேரன் கடன் வாங்கினான் என்பது அந்நாட்டில் உவமை அன்று, நடந்த செய்தி.

இவ்வாறு எழுதுவதால் ஆலைகளை மூடுக என்கிறேன் என யாரும் கருதற்க. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணி தைப்போருட் பெரும்பாலோர் பெண்கள். அவர்தம் கூலியாலன்றோ நம் தோழர் பலருடைய கல்லூரிச் சம்பளம் கட்டப்படுகிறது! 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையிற் கழிவுச் சேற்றுத்தொட்டி உடைந்து உயிரிழந்த பத்துப் பேரும் உழைத்துண்ண வந்தவரே. தொழில் வேண்டும். அதன் முழு விலையும் முன்னரே கணக்கில் ஏறவேண்டும் என்பதே என் வழக்கு. கோபுரங் கட்டப் புகுவோன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்ப்பான் என்று ஆண்டவர் உரைத்தது சர்க்காருக்கும் பொருந்தும்.

இதனை இப்பொழுது கூறுவதற்குக் காரணம் உண்டு. நெமிலி தாலுகாவிலுள்ள பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் மோட்டார் வாகன ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அவ்வாண்டே 1,500 கோடி ரூபாயில் தோலல்லாத காலணித் தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்டினர். 25,000 பேருக்கு வேலை என்றனர். மகிழத்தக்க செய்திகளே. ஆனால் இத்தாலுகாவின் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகள் பாலாற்று அணைக்கட்டின் கால்வாய் நீரை நம்பியவை. மேலூர்களிற் கலப்பது இங்கு வரும். இங்குக் கலப்பது இங்கேயே தங்கும். ஆகவே ஒவ்வோர் ஆலையும் தன் தொழில் முடியும் நாளில் மண்ணையும் நீரையும் சீர்செய்வதற்குரிய ஈட்டுத்தொகையைத் தொடக்கத்திலேயே தனிக்கணக்கிற் கட்டவேண்டும். சலுகையாக விட்டுக்கொடுக்கும் வரியையும், பிற்காலத்தில் தன் தலைமேல் விழக்கூடிய செலவையும் சர்க்கார் வரவு செலவுத் திட்டத்தில் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும். முதலாளிகள் வேறு மாநிலத்திற்குப் போய்விடுவர் என்று அஞ்சுவோர், இராணிப்பேட்டைக் குவியலை ஒருமுறை சென்று காண்பாராக.

சுற்றுக் கிராமங்களில் ஆகஸ்டு 15-இலும் அக்டோபர் 2-இலும் கிராமசபை கூடுகிறது. அத்தகைய ஈட்டுத்தொகை உண்டா, உண்டெனில் எவ்வளவு என்று அங்கு எழுந்து கேட்டு, அக்கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவிப்பது அவ்வூர்களிலிருந்து இங்கு வந்து பயிலும் நம்மவர்க்கு அரிய செயலன்று.