தேனாம்பேட்டையில் தேன் எங்கே?

'டோக்கியோ' என்றால் கிழக்குத் தலைநகரம். 1868 வரை அதன் பெயர் எடோ. 'ஹிரோஷிமா' என்றால் அகன்ற தீவு. ஜப்பானில் பெயரை எழுதும் எழுத்துக்கே பொருள் உண்டு; அதனால் அர்த்தம் கூடவே வருகிறது.

நம்ம தேனாம்பேட்டை? தேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'தெய்வநாயகம்பேட்டை'தான் வாய்க்கு வாய் தேய்ந்து இப்படி ஆனதாம். பக்கத்து நந்தனம், 'நந்தன' வருடத்தில் (1952-53) உருவானதால் ராஜாஜி வைத்த பெயர் என்பார்கள். தி.நகரின் 'தி', நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர்.

தேனாம்பேட்டைக்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷன் ஏ.ஜி - டி.எம்.எஸ். ஊர்ப்பெயரே இல்லை, இரண்டு அலுவலகங்களின் சுருக்கம்! 50 வருடம் கழித்து இதற்கு யார் அர்த்தம் சொல்வார்கள்?

உங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். அவர்களுக்குப் பிறகு கூகுள் மேப்பில் பெயர் இருக்கும், கதை இருக்காது.