சிகிச்சை இருந்தும் தயங்கும் முன்னாள் ராணுவ வீரர்கள்: காரணம் என்ன?

புது தில்லி: போர்முனையில் ஏற்படும் உடற்காயத்துக்கு ராணுவ மருத்துவமனையில் உடனடியாகச் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால், கொடுங்கனவு, உறக்கமின்மை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், அடக்க முடியாத சினம் என ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' பல நேரங்களில் மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. இதற்குக் கூச்சம் மட்டுமே காரணம் அல்ல. பணிக்காலத்தில் பழகிய எச்சரிக்கை உணர்வு ஓய்வுக்குப் பிறகும் தொடர்வதே முக்கியக் காரணமாகத் தெரிகிறது.

பணியில் தொடங்கும் மௌனம்

இந்திய ராணுவத்தில் வீரர்களின் உடல்தகுதி 'ஷேப்' என்ற முறைப்படி வகைப்படுத்தப்படுகிறது. அதன் முதல் எழுத்து மனநலத்தைக் குறிக்கிறது. அதில் தரம் குறைந்தால் பதவி உயர்வும் பணி நீட்டிப்பும் பாதிக்கப்படலாம். ஆயுதம் ஏந்தும் பணியிலிருந்தும் விலக்கப்படலாம். எனவே, சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு வீரர்கள் வருகின்றனர்.

இந்தத் தயக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இராக், ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கப் படையினர் குறித்து 2004-இல் வெளியான ஆய்வில், மனநலப் பாதிப்புக்கான அறிகுறிகள் காணப்பட்டவர்களில் 23 முதல் 40 சதவீதத்தினர் மட்டுமே உதவி நாடியது தெரியவந்தது. பாதிப்பு உள்ளவர்களே அவப்பெயருக்கு அதிகம் அஞ்சினர் என்பதும் அதில் வெளிப்பட்டது.

ஓய்வுக்குப் பின்னும் அச்சம்

சிப்பாய்களில் பலர் 40 வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடுவதால், அவர்களுக்கு இரண்டாவது வேலை அவசியமாகிறது. வங்கிக் காவலர் போன்ற பணிகளுக்குத் துப்பாக்கி உரிமம் தேவை. மனநிலை சரியில்லாதவருக்கு உரிமம் வழங்க ஆயுதச் சட்டம் தடை விதிக்கிறது. மனநல மருத்துவரின் சீட்டு வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்ற அச்சம் இங்குதான் எழுகிறது.

ஆனால், மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவராகக் கருத முடியாது என்றும், அதை நீதிமன்றமே அறிவிக்க வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பைப் பலர் அறிந்திருக்கவில்லை.

நோயின் இயல்பும் ஒரு தடையாகும். நேர்ந்ததை நினைவூட்டும் அனைத்தையும் தவிர்ப்பது இக்கோளாறின் முக்கிய அறிகுறி. சிகிச்சையோ அதைப் பற்றியே பேசச் சொல்கிறது. இதனால், மருத்துவரைவிட ராணுவ கேன்டீனில் சலுகை விலையில் கிடைக்கும் மது எளிய வழியாகத் தோன்றுகிறது.

மௌனத்தின் விலை

பணியைக் காக்கும் இந்த மௌனமே பின்னாளில் ஓய்வூதிய உரிமையைப் பலவீனப்படுத்துகிறது. பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் ஏற்பட்டால், அது பணியால் நேர்ந்ததாகவே கருதப்பட வேண்டும். மறுப்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என உச்சநீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் தீர்ப்பளித்தது. எனினும், பணிக்காலத்தில் மருத்துவப் பதிவே இல்லாதவர் இந்தத் தீர்ப்பின் பயனைப் பெறுவது கடினம்.

வசதிகள் இல்லாமல் இல்லை. 2003-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டத்தின்கீழ் 400-க்கும் மேற்பட்ட மருத்துவ மையங்கள் இயங்குகின்றன. 14416 என்ற 'டெலி-மானஸ்' எண்ணில் தமிழ் உள்பட பல மொழிகளில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். ஆயுதப் படையினருக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் புணே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. வீரரின் மாற்றத்தை முதலில் உணரும் மனைவியும் அழைக்க முடியும் என்பது இதன் சிறப்பு.

ஆயினும், உதவி கேட்பதும் தகுதி இழப்பதும் ஒன்றே என்ற எண்ணம் நீடிக்கும் வரை இந்த வசதிகளின் பயன் குறைவாகவே இருக்கும். பணி ஓய்வின்போது அனைவருக்கும் கண், காது பரிசோதிக்கப்படுவதைப் போல மனநல ஆலோசனையும் பொதுவான நடைமுறையானால், தனியாக ஒருவர் கை உயர்த்த வேண்டிய தேவையே இராது.