கச்சான் காற்றும் காலைத் தும்மலும்



ஜூலை பிறந்தால் ஊவாவில் கச்சான் வீசத் தொடங்கிவிடும். மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக நம் பக்கம் இறங்குகிறது அது. செப்டம்பர் வரையிலான இந்த வரட்சிதான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைத் தருகிறது. பல வீடுகளில் காலைத் தும்மலும் இந்தக் காற்றோடுதான் வருகிறது.

“பிள்ளைக்குத் தடிமன்” என்று தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்திவிடுகிறோம். தடிமன் என்றால் ஒரு கிழமையில், மிஞ்சினால் பத்து நாளில் போய்விடும். மூக்கும் கண்ணும் அரித்து, தண்ணீராக ஒழுகி, காய்ச்சலில்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம்.

புல்லின் மகரந்தம் இப்படிச் செய்யும் என்பதைத் தம் உடம்பிலேயே பரிசோதித்து 1873ல் நூலாக எழுதினார் சார்ள்ஸ் பிளாக்லி என்ற ஆங்கிலேய வைத்தியர். மத்தியதரைக் கடலோர நகரங்களில் ஒலிவ் மரம் பூக்கும் வசந்தத்தில் இதே தொல்லைதான். முற்றத்து ரோஜாவைப் பழிக்காதீர்கள். அதன் மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது, வண்டோடு போய்விடும். பைனஸ் மரத்தின் மஞ்சள் பொடி கண்ணுக்குத் தெரிந்தாலும் தீங்கு குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து வரும் புல் மகரந்தமே அதிகம் தொல்லை தருவது.

ஆனால் எல்லாம் வெளியிலிருந்து வருவதல்ல. மழைக் காலத்தில் ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்கு எட்டாத தூசுப்பூச்சி பெருகுகிறது. ஜன்னலில்லாத லயன் குசினியில் விறகுப் புகை சேருகிறது. உறைகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவையுங்கள். மெத்தையை வெயிலில் போடுங்கள். புகை வெளியேற வழி செய்யுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும்போது பறக்கும் தூசும் இழுப்பைக் கொண்டுவரும் என்று 1970லேயே மருத்துவ ஏட்டில் எழுதியவர் நம் நாட்டு வைத்தியர் சி. ஜி. உரகொட. அங்கே வேலை செய்பவர் வீட்டிலிருந்தால் இதை மறவாதீர்கள்.

தும்மல் சிறிய விஷயம்தான். அது நெஞ்சில் இறங்கித் தொய்வாக மாறும்போதும் மறைக்கிறோமே, அதுதான் பயங்கரம். “குமர்ப் பிள்ளை, பம்ப் பாவிக்கிறாள் என்று தெரிந்தால் கலியாணம் பேச வருவார்களா?” என்று உம்மாமார் அஞ்சுகிறார்கள். பம்ப் பழகிவிட்டால் விட முடியாது என்பதும் வீண் பயம். மருந்து நேரே சுவாசக் குழாய்க்குப் போவதால் குளிசையை விட மிகக் குறைந்த அளவே போதும். மறைத்து வைத்த நோய் நள்ளிரவில் மூச்சை அடைத்தால், பதுளைக்குப் போகும் மலைப்பாதை நீளமானது.

நோன்பு காலத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது. பம்ப் நோன்பை முறிக்குமா என்பதில் உலமாக்களிடம் இரு கருத்துண்டு. ஆனால் மூச்சுத் திணறும்போது மருந்தைத் தள்ளிப்போடுமாறு மார்க்கம் சொல்லவில்லை. நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை அல்பகராவின் 185ஆம் வசனத்திலேயே இருக்கிறது. தடுப்பு மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் எடுக்க முடியுமா என்று ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், விலா எலும்பு உள்ளிழுத்தால், உதடு நீலம் பாரித்தால் விடியும்வரை காத்திராதீர்கள். கையிலுள்ள பம்பைக் கொடுத்து, 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். இந்த இலக்கத்தை இன்றே சுவரில் எழுதி வையுங்கள்.

வஸ்ஸலாம்.