செய்தியை விரித்த கையில் வாங்குவோம்

எங்கள் ஊரைப் பற்றிய ஒரு பொய்யிலிருந்தே இந்தப் பிரகடனத்தைத் தொடங்குகிறோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள் என்ற செய்தி, வைகுண்டப் பெருமாள் கோயில் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. படிக்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் சொல்வது வேறு. அன்றைக்கு இந்த ஊர் பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். ஊரை நிர்வகித்த வாரியத்துக்கு வருபவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. அந்த நிலங்களில் உழுதவர்களுக்கும் இடமில்லை. தேர்வு நடந்ததும் ஓட்டெடுப்பால் அல்ல, குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலை எடுக்கும் சீட்டு முறையால்.

இதைச் சொன்னால் ஊருக்கு இழுக்கு என்று சிலர் வருந்தக்கூடும். நமக்கு இனிக்கும் பொய்யை விட்டுவைத்துவிட்டு அடுத்தவர் பொய்யை மட்டும் பிடிக்கக் கிளம்பினால் எங்களை யார் நம்புவார்கள்?

உண்மையிலேயே பெருமைப்பட வேண்டியது அந்த ஓலையைக் கையாண்ட விதம். குடத்தைக் கூடியிருந்த சபை முழுதும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்குகிற கையில் வேறு ஓலை ஒளிந்திருக்க முடியாது. அவர் வாசித்த பிறகு அங்கிருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் அனைவரும் அதையே வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் பெயர் எழுதப்படும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்கியதோடு நிற்காமல், அவருடைய உறவுக்காரர்களையும் முறை சொல்லி வரிசையாக விலக்கினார்கள். உறவும் ஆதாயமும் பார்வையைச் சாய்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கையில் போன் வைத்திருக்கும் நாம் அதை மறந்துவிட்டோம்.

மறந்ததற்குக் கொடுத்த விலை சின்னதல்ல. 2018 மே 9 அன்று, பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மா ஒருவர் குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார். வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறது என்று சில வாரங்களாக வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். அந்த ஆண்டு இந்தியா முழுக்க ஓடிய பிள்ளை பிடிக்கும் காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முடிவில் இருந்த விளக்கத்தை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு நம்பியவர்கள் நாம். 2023 மார்ச்சில் நம்மைப் பற்றிய பொய்யை மற்றவர்கள் நம்பினார்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று, தொடர்பே இல்லாத சம்பவங்களின் காணொளிகள் பரவின. வடக்கே பெரிய செய்தி நிறுவனங்களும் அதைச் சொல்லின. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் நம் பிள்ளைகளோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில், பெற்றவர்கள் தூங்காமல் கிடந்திருப்பார்கள்.

ஆகவே நாங்கள் அறிவிக்கிறோம். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், மூலப்பத்திரம் கேட்காமல் நாம் மனை வாங்குவதில்லை. செய்திக்கும் மூலப்பத்திரம் கேட்போம். முதலில் சொன்னது யார், என்றைக்கு, எந்த ஊரில்? படம் எப்போது எடுத்தது? மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை என்று தொலைக்காட்சி முத்திரையோடு ஒரு கார்டு வந்தால், அந்தத் தொலைக்காட்சியின் பக்கத்திலும் ஆட்சியரின் அறிவிப்பிலும் அது இருக்கிறதா என்று பார்ப்போம். மேலே இரட்டை அம்புக்குறி போட்டு ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று வந்தால், அது பல கை மாறியது என்பதற்கு மட்டுமே சாட்சி. உண்மை என்பதற்கல்ல.

சார்பைப் பற்றி எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சார்பு இருப்பதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரத்து விவசாயிக்குச் சார்பு உண்டு, போவது அவர் நிலம். அதனாலேயே அவர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும், பிறகு ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். திட்டம் வேண்டும் என்கிற அரசுக்கும் சார்பு உண்டு, அது வெளிப்படையானது. நாங்கள் அஞ்சுவது மறைத்த சார்பை. ஊர் வளர்ச்சி பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, தான் மனை விற்பதைச் சொல்லாத காணொளிக்காரரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

அரசின் சரிபார்ப்பையும் அப்படித்தான் அணுகுவோம். தமிழ்நாடு அரசு 2023இல் உண்மை சரிபார்ப்பகம் அமைத்தது. அதன் விளக்கங்களைப் படிப்போம், பயன்படுத்துவோம். ஆனால் அரசின் மீதே குற்றச்சாட்டு வரும்போது அரசின் மறுப்பு ஒரு தரப்பின் வாக்குமூலம்தான். ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவு செய்ய வழிவகுத்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை வரவேற்கிறோம்.

மிகக் கடினமான இடம் குடும்ப குரூப். பெரியப்பா அனுப்பியதை மறுத்தால் மரியாதைக் குறைவு என்று பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். பொய் அந்த மௌனத்தில்தான் வளர்கிறது. பத்துப் பேர் முன்னால் பெரியவரைத் தலைகுனிய வைக்க மாட்டோம். தனியாகப் போன் போட்டு, ‘பெரியப்பா, இது உங்களுக்கு யார்கிட்டேருந்து வந்துச்சு?’ என்று கேட்போம். தேடிக் கிடைத்ததை அவரிடமே காட்டுவோம். திருத்தத்தை அவரே குரூப்பில் போட்டால் அதற்கு ஈடில்லை. அவர் போடாவிட்டால், பெயர் சொல்லாமல் நாங்கள் போடுவோம்.

எங்கள் சாதியைப் புகழ்ந்தும் எங்கள் கட்சிக்குச் சாதகமாகவும் வருவதை இரண்டு மடங்கு சோதிப்போம். சொந்தப் பெயரில் கையெழுத்திட முடியாத எதையும் அடுத்தவருக்கு அனுப்ப மாட்டோம்.

கட்சியிடமோ கம்பெனியிடமோ காசு வாங்க மாட்டோம். சுற்றியுள்ள ஊராட்சிகளில் கிராம சபை நடக்கும் நாட்களில், கூட்டம் முடிந்ததும் அதே இடத்தில் உட்காருவோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும், தறிக்காரர்களும், ஆலைக்குப் போகும் வடமாநிலத் தோழர்களும் தங்களுக்கு வந்த செய்திகளைக் கொண்டு வரலாம். ஒரு குறிப்பேடு திறந்திருக்கும். வந்த செய்தி, அதன் மூலம், சரிபார்த்தவர் பெயர் மூன்றும் அதில் எழுதப்படும். தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பதிலுக்கு 30 நாள் காத்திருப்போம். காத்திருக்கும் காலத்தில் அந்தச் செய்திக்கு நேராக ‘இன்னும் தெரியவில்லை’ என்றே இருக்கும். யார் அவசரப்படுத்தினாலும் அதை மாற்ற மாட்டோம்.